ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது

"தருமபுரி போர்வெல் தண்ணியை நல்லா கொதிக்க வச்சா ஃபுளோரைடு போயிடும்"னு மேலே ஒருத்தர் போட்டிருக்கார். அது தப்புங்க. கொதிக்க வைத்தால் சாவது கிருமி. ஃபுளோரைடு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் குறையும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள 5 லிட்டரை 4 லிட்டராகச் சுண்ட வைத்தால் அது 2.5 ஆகிவிடும். இந்தியத் தர நிர்ணயப்படி 1.0 வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5.

கேண்டில் ஃபில்டர், யுவி இரண்டும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. குறைக்கும், மெம்ப்ரேன் தேயத் தேய அதுவும் கோட்டை விடும். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் இல்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள்.

நம்மூரில் அதிகம் நடக்கும் தப்பு வேறு. ஒகேனக்கல் தண்ணீர் வரும், அதை போர்வெல் தண்ணீர் இருக்கும் அதே சம்ப்பில் விடுவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்ததே ஃபுளோரைடு அதிகமானால் வரும் பல் கறைக்கும் எலும்புப் பாதிப்புக்கும்தான், நாமே திரும்பக் கலந்தால் எப்படி? குடிக்க மட்டுமில்லை, சோறு, பருப்பு வேகவும் காவிரித் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து வையுங்கள். எட்டு வயசுக்குள் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம், நிலைக்கும் பல் உருவாகிற வயசு அது. குளிக்க, துணி துவைக்க போர்வெல் தண்ணீர் போதும்.