கழுவுவது யார் என்றுதான் கேட்டேன்

பொத்தானை அமுக்கினால் மெஷினே சாம்பார் வைத்துவிடும் என்கிற அந்தச் சாம்பார் பொத்தான் விளம்பர வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. அதன் கீழே நான் கேட்டதையும், அதற்கு எனக்கு நடந்த அர்ச்சனையையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் கேட்டது இரண்டே சொல். "கழுவுவது யார்?"

இதற்குத்தான் பூமர் ஆன்ட்டி பட்டம். "ஆன்ட்டிக்கு ஓர் ஆட்டுக்கல் பார்சல்" என்று ஒரு தம்பி எழுத, அதற்கு நானூறு சிரிப்பு. சிரித்தவர்களில் என் சித்தி மகனும் உண்டு. சரி, இருக்கட்டும்.

வீடியோவில் வெள்ளைச் சட்டைக்காரர் பருப்பு, புளி, காய், மிளகாய் எல்லாவற்றையும் கொட்டிப் பொத்தானை அமுக்குகிறார். நறுக்குகிறது, கிண்டுகிறது, கொதிக்கிறது. அடுத்த காட்சியில் பாத்திரம் பளபளவென்று மேடைமேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நடந்தது எங்கே போயிற்று? மூடியின் ரப்பர் வளையத்துக்குள் புகுந்த புளியை நோண்டி எடுத்தது யார்? பிளேடு தண்டைச் சுற்றிக்கொண்ட மிளகாய்த் தோலை? எங்கள் வீட்டில் குழாயடி ஓரமாகப் பழைய டூத் பிரஷ் ஒன்று எப்போதும் கிடக்கும், மிக்சி ஜாரின் அடிப்பக்கத்தைக் குடைய. உங்கள் வீட்டிலும் கிடக்கும். அதை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் மெஷினுக்கு எதிரியாம். கோயம்புத்தூர்க்காரியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? 1955-ல் சபாபதி என்பவர் இதே ஊரில்தான் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்தார். இன்றைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் கோயம்புத்தூர் கிரைண்டர். அப்பா இங்கே கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் கிரைண்டர் பூட்டியவர். கல்பொடி வாசனை தெரியாமல் நாங்கள் வளரவில்லை.

கல் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்சி பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். மாவு சூடாகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைக்கிறோமே, சும்மாவா? கல் நிதானமாகச் சுற்றுவதால்தான் உளுந்து காற்றை வாங்கிக்கொண்டு பொங்கி வருகிறது. அந்த நிதானத்தைக் கெடுக்காமல் கையின் வேலையை மட்டும் மோட்டாரிடம் கொடுத்தார்களே, அது மூளை. அப்புறம் டில்டிங் கிரைண்டர் வந்தது. பாத்திரத்தைத் தூக்க வேண்டாம், சாய்த்தால் மாவு இறங்கும். அதை யோசித்த ஆள் எவரோ ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததை நின்று பார்த்திருக்க வேண்டும்.

மிக்சியின் கதையும் அப்படித்தான். 1960-களில் மும்பையில் மாதுரி மாத்தூர் வைத்திருந்த ஜெர்மனி மிக்சி நம் அரைப்பைத் தாங்காமல் படுத்துவிட்டது. நீங்களே ஒன்று செய்யுங்களேன் என்று கணவர் சத்யபிரகாஷைக் கேட்டிருக்கிறார். சீமென்ஸில் வேலை பார்த்த இன்ஜினீயர் அவர். அப்படி வந்ததுதான் சுமீத் மிக்சி. பழுது அந்தம்மாவின் கையில் இல்லை, மெஷினில் என்று அவர் ஒப்புக்கொண்டார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது. வெள்ளைச் சட்டைக்காரர் யாரைக் கேட்டுவிட்டுச் சாம்பார் பொத்தான் வைத்தார்?

வீடியோவின் கீழே எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன். "இப்போதெல்லாம் ஆண்களும்தான் கழுவுகிறோம்." ரொம்ப சந்தோஷம். அப்படியென்றால் என் கேள்வி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

"கடையில் மாவு வாங்க வேண்டியதுதானே?" வாங்குகிறேன். போன வாரம்கூட வாங்கினேன். அதில் ஒரு குற்றமும் இல்லை.

"பெண்களை அடுப்படியிலேயே வைத்திருக்கப் பார்க்கிறீர்கள்." இதுதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. இருபத்தாறு வருடம் ஆபீஸ் போனேன். தினமும் காலை ஏழு நாற்பதுக்குப் பஸ். அடுப்படியை நான் போற்றியதே இல்லை. என்னை வெளியே போகவிடாமல் பிடித்துவைத்தது சமையல் இல்லை, சமைத்த பின்னால் கிடந்த பாத்திரம்தான். அதை என்னிடம் வந்து சொல்கிறார்களே!

அம்மா கதையை முன்பே கொஞ்சம் எழுதியிருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு அப்பா கிரைண்டர் கொண்டுவந்தார். "இனி உங்களுக்கு ராஜ வாழ்க்கைதான் அக்கா" என்று பட்டறை ஆட்கள் கேலி பேசினார்கள். தெருவிலேயே முதல் கிரைண்டர். ஒரு மாதத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? பக்கத்து வீட்டு அரிசி வந்தது, எதிர் வீட்டு உளுந்து வந்தது, அத்தை வீட்டிலிருந்து பக்கெட்டோடு வந்தது. "மெஷின்தானே அரைக்குது, உனக்கென்ன கஷ்டம்?" ஆட்டுக்கல்லில் ஒரு வீட்டுக்கு அரைத்த அம்மா, கிரைண்டரில் நாலு வீட்டுக்கு அரைத்தாள். ஒவ்வொரு முறையும் குழவியைத் தூக்கி வெளியே வைத்து, வழித்து, கழுவி, மறுபடி தூக்கி உள்ளே வைத்தாள். அரைத்தது மெஷின்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி காலத்தில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை நான்தான் வாரிவிடுவேன். வயசாயிற்று, அப்படித்தான் என்றார் டாக்டர். வயசுதான் காரணமோ என்னவோ. ஆயிரம் கிரைண்டர் பூட்டியிருப்பார் அப்பா. ஒன்றைக்கூடக் கழுவி நான் பார்த்ததில்லை. நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். இவ்வளவு வருடத்துக்குப் பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆட்டுக்கல் பார்சல் அனுப்புகிற தம்பிக்கு: வேண்டாம்பா. அம்மாவுடையது கொல்லையில் இருக்கிறது, காக்காய்க்குத் தண்ணீர் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வா. ஒரு படி அரிசி போடுவேன். இட்லி எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடு. கிரைண்டர், மிக்சி ஜார், குக்கர் கேஸ்கட், இட்லித் தட்டின் ஒவ்வொரு குழியும் உன் பொறுப்பு. டூத் பிரஷ் நான் தருகிறேன்.