பால் காய்ச்சிய வீடு

திருநெல்வேலி கேடிசி நகரில் ஒரு புது வீடு. காலையில்தான் பால் காய்ச்சினார்கள். காம்பவுண்டுச் சுவருக்குப் பூச்சு பாக்கி, அதனால் வாசலில் எம்-சாண்ட் மணல் இன்னும் குவியலாகக் கிடக்கிறது. வீட்டுக்காரி ஆபீஸ் டிரெயினிங் என்று அன்று இரவே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டாள். திரும்ப ஒரு மாதம் ஆகும். மிச்சம் இருப்பது மாப்பிள்ளையும், சங்கரன்கோவிலில் இருந்து வந்த மாமியாரும். ஒருவர் மேல் ஒருவருக்கு அளவு கடந்த மரியாதை. அதனால் எந்தச் சண்டையும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வரும்.

(இரவு 2 மணி.)

அத்தை: மாப்பிள்ளை, தூங்கிவிட்டீர்களா?

மாப்பிள்ளை: இல்லை அத்தை, சொல்லுங்கள்.

அத்தை: தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புது வீட்டுக்குள் முதலில் பசு நுழைய வேண்டும். மாடு கிடைக்கவில்லை என்றீர்கள், சரி என்று விட்டேன். இப்போது மாடிப்படிக்குக் கீழே சிமென்ட் சாக்குக்குள் என்னமோ கத்துகிறதே, அது என்ன?

மாப்பிள்ளை: பூனைக்குட்டி.

அத்தை: ஒன்றா?

மாப்பிள்ளை: ஒன்று கத்துகிறது. இரண்டு கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அத்தை: அவ்வளவுதானே, தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். நீங்கள் இருபது வருஷத்துக்கு லோன் போட்டுக் கட்டினீர்கள், அதற்கு இது மூன்றாவது வீடோ நாலாவது வீடோ.

மாப்பிள்ளை: தாய் வராது அத்தை. உங்கள் மகளை ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ரோட்டோரத்தில் பார்த்தேன். ஒரு மாதமாகக் கொத்தனார் தூக்குச்சட்டியில் பங்கு கேட்டுக்கொண்டு திரிந்ததே, அந்தப் பூனைதான். ஏதோ வண்டி அடித்துவிட்டது.

அத்தை: (கொஞ்ச நேரம் கழித்து) விளக்கைப் போடுங்கள்.

(அத்தைக்குப் பூனை ஆகாது. குறுக்கே போனால் பஸ்ஸையே விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். சாக்கை விரித்துப் பார்க்கிறார். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று தாயைப் போல மூன்று நிறம். காது இன்னும் தலையோடு ஒட்டிக் கிடக்கிறது. செவலைக்கு ஒரு கண் பாதி திறந்திருக்கிறது, மற்றது பிசின் வைத்த மாதிரி மூடியிருக்கிறது. கத்துவது மூன்று நிறம். வாயைத் திறந்தால் முகத்தில் வேறு எதுவும் மிஞ்சவில்லை.)

அத்தை: காலையில் காய்ச்சின பால் ஃபிரிட்ஜில் ஒரு டம்ளர் இருக்கிறது. அதைவிட நல்ல சகுனம் உண்டா? என் பெட்டியில் பாலாடை இருக்கிறது, எடுத்து வாருங்கள்.

மாப்பிள்ளை: பாலாடையா?

அத்தை: உங்கள் மனைவிக்குப் புகட்டின வெள்ளிப் பாலாடை.

மாப்பிள்ளை: அதை எதற்கு இங்கே கொண்டுவந்தீர்கள்?

அத்தை: (மின்விசிறியைப் பார்த்தபடி) கொண்டுவந்தேன்.

(மாப்பிள்ளை மேற்கொண்டு கேட்கவில்லை. அத்தை காலை நீட்டி உட்கார்ந்து, குட்டியை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடிக்காத குறையாகப் புகட்டுகிறார். குட்டி தும்முகிறது. மூக்கு வழியாகப் பால் வருகிறது.)

மாப்பிள்ளை: அத்தை, போதும் அத்தை. காலையில் டாக்டரிடம் போகிறேன்.

அத்தை: போங்கள். யார் வேண்டாம் என்றது?

(மறுநாள் மத்தியானம். மாப்பிள்ளை அட்டைப்பெட்டியோடு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டு வருகிறார். கையில் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் டப்பா, ஊசி கழற்றிய சிரிஞ்ச், ஒரு கட்டு பஞ்சு.)

அத்தை: டாக்டர் என்ன சொன்னார்?

மாப்பிள்ளை: பிறந்து 10 நாள் இருக்குமாம். 7 நாளில் இருந்து 14 நாளுக்குள் கண் திறக்குமாம்.

அத்தை: பாலைப் பற்றி?

மாப்பிள்ளை: அதை விடுங்கள் அத்தை.

அத்தை: சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

(இப்படிச் சொல்கிறவர்கள் பத்து வருஷம் நினைப்பார்கள்.)

மாப்பிள்ளை: மாட்டுப் பால் ஆகாதாம். அதில் இருக்கிற லாக்டோஸ் குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும் என்றார்.

அத்தை: காலையில் போனது அதுதானா? நான் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன்.

மாப்பிள்ளை: மல்லாக்கப் போட்டும் புகட்டக் கூடாதாம், பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது எப்படிக் கிடக்குமோ அப்படியே குப்புற வைத்து, தலையை லேசாகத் தூக்கி, சொட்டுச் சொட்டாக.

அத்தை: என் மகளை மல்லாக்கப் போட்டுத்தான் புகட்டினேன். அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்?

மாப்பிள்ளை: (இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு) ரொம்ப நன்றாக இருக்கிறாள் அத்தை.

அத்தை: அப்புறம்?

மாப்பிள்ளை: 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 மில்லி. ராத்திரியும் உண்டு.

அத்தை: ஒரு நாளைக்கு எட்டு வேளை! பெரிய கோயிலிலேயே ஆறு கால பூஜைதான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: பாலுக்கு முன்னால் சூடு. உடம்பு ஜில்லென்று கிடக்கும்போது புகட்டினால் செரிக்காது. இந்த வயதில் அதுகளால் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதாம். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைக்க வேண்டும். சூடு தாங்கவில்லை என்றால் நகர்ந்துபோக மறு ஓரம் காலியாக இருக்க வேண்டும்.

அத்தை: பச்சை உடம்பு, காற்றுப் படக் கூடாது என்று நேற்று ராத்திரி நான் சொன்னேனா இல்லையா? நீங்கள்தான் ஃபேனை ஐந்தில் வைத்தீர்கள். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

மாப்பிள்ளை: இன்னொன்று. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று வாரம் வரைக்கும் அதுகளாக ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகாதாம். ஒவ்வொரு தடவை பால் குடித்த பிறகும் தாய் நக்கிவிட்டால்தான் போகுமாம்.

(அடுக்களையில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்கிறது.)

அத்தை: மாப்பிள்ளை, நான் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள்.

மாப்பிள்ளை: பஞ்சு அத்தை! வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு! அதனால் மெதுவாகத் துடைத்துவிட்டால் போதும்.

அத்தை: அதை முதலில் சொல்லக் கூடாதா? எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சே நின்றுவிட்டது.

(மாப்பிள்ளை, கருவூல அலுவலகத்துக்கு ஒரு நாள் லீவு சொன்ன அதே உடுப்போடு, கறுப்புக் குட்டியின் வாலைத் தூக்கிப் பஞ்சை வைக்கிறார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம். பஞ்சின் நுனியில் மஞ்சளாக ஒரு துளி ஊறுகிறது.)

மாப்பிள்ளை: அத்தை! போய்விட்டது! போய்விட்டது!

அத்தை: பிளஸ் டூ ரிசல்ட் மாதிரி கத்தாதீர்கள். (கொஞ்சம் பொறுத்து) என் இரண்டு பிள்ளைகளுக்கும் உங்கள் மாமா ஒரு நாள்கூடத் துணி மாற்றினதில்லை. பூனைக்குக் கழுவிவிடுகிற மாப்பிள்ளை எனக்கு வாய்த்திருக்கிறார். இதை ஊரில் பெருமையாகச் சொல்வதா, மறைப்பதா என்றுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளை: பெட்டியில் விரிக்கப் பழைய துணி இருக்குமா?

அத்தை: என் சுங்குடிப் புடவை. நூறு தடவை துவைத்தது, பூவாக இருக்கும். இந்தாருங்கள்.

மாப்பிள்ளை: (முகர்ந்து பார்த்து) பாச்சை உருண்டை வாசம் வருகிறதே. அது பூனைக்கு விஷம் அத்தை. வீடு துடைக்கிற பினாயிலும் அப்படித்தானாம்.

அத்தை: இதைப் பாருங்கள். ஏழு வீடு மாறுகிற ஜாதிக்கு என் புடவை வாசம் ஆகவில்லை!

(சொன்னாரே தவிர, மொட்டைமாடிக் கொடியில் மாப்பிள்ளையின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார். பால் காய்ச்சக் கட்டின பட்டுக்கரை வேட்டி. மாப்பிள்ளை பார்த்தார். மரியாதை காரணமாக ஒன்றும் சொல்லவில்லை.)

(ஐந்தாம் நாள். விடியற்காலை 3 மணி. அடுக்களைத் தராசில் எவர்சில்வர் கிண்ணம், கிண்ணத்துக்குள் குட்டி. எடையைத் தினசரிக் காலண்டர் தாளில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் எழுதுகிறார்கள்.)

மாப்பிள்ளை: செவலை நேற்று 214, இன்று 227. மூன்று நிறம் 203. ஒரு நாளைக்கு 10 கிராமாவது ஏற வேண்டும் என்றார் டாக்டர், ஏறுகிறது. கறுப்பன் நேற்று 174.

அத்தை: இன்று?

மாப்பிள்ளை: 174.

அத்தை: காதைத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது. நான் ஒரு காய்ச்சல் மாத்திரையைக் காலாக உடைத்து வைத்திருக்கிறேன். பாலில் கரைத்துவிடவா?

மாப்பிள்ளை: (எழுந்தே விடுகிறார்) வேண்டாம்! பாராசிட்டமாலா? அத்தை, வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொன்றுவிடும். பூனை ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது.

(அத்தை அந்தக் கால் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். எழுந்து போய்க் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார். இரண்டு தடவை ஊற்றுகிறார்.)

அத்தை: என் மகள் தும்மினால் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

மாப்பிள்ளை: கேட்டுவிட்டுத்தானே கொடுக்கப் போனீர்கள். விடுங்கள். விடிந்ததும் டாக்டரிடம் காட்டிவிடுகிறேன்.

(மூன்று நிறம் கத்தத் தொடங்குகிறது.)

அத்தை: ஏ கோமதி, சும்மா இரு!

மாப்பிள்ளை: என்ன பெயர் சொன்னீர்கள்?

அத்தை: கோமதி. மூன்று நிறம் சேர்ந்து வந்தால் அநேகமாகப் பெண்தான் என்று டாக்டர் சொன்னார் என்றீர்களே. பெண்பிள்ளையைப் பெயர் இல்லாமல் விடலாமா?

மாப்பிள்ளை: என் அம்மா பெயர் கோமதி.

அத்தை: எங்கள் சங்கரன்கோவில் அம்மன் பெயர் மாப்பிள்ளை. உங்கள் அம்மாவுக்கும் அதே பெயரா? பாருங்கள், எனக்கு ஞாபகமே இல்லை.

மாப்பிள்ளை: மூன்றிலும் இதுதான் நாள் முழுக்கக் கத்துகிறது.

அத்தை: குரல் நல்ல கணீரென்று இருக்கிறது என்றுதான் வைத்தேன்.

(கறுப்பனுக்கு ஊட்டும் அளவைக் கூட்டச் சொன்னார் டாக்டர், அப்படியே குடற்புழு மருந்தும் கொடுத்தார். இரண்டு நாளில் 190 ஆனான். அன்று அத்தை பாயசம் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.)

(பால் காய்ச்சி 25 நாள் ஆகிறது. கறுப்பன் 405, செவலை 470. கோமதியை நிற்கவைத்து எடை பார்க்க முடியவில்லை. சிரிஞ்ச் போய் இப்போது தட்டு. பால் பவுடரில் குழைத்த குட்டிச் சாப்பாட்டில் மூன்றும் நடந்து, அதே காலோடு சோபாவில் ஏறுகின்றன.)

மாப்பிள்ளை: அத்தை, அடுத்த தெரு சார் குட்டி கேட்டு வந்தாராமே, அனுப்பிவிட்டீர்களாமே?

அத்தை: நீலக் கண், ஃபாரின் ஜாதி, ஒன்று வேண்டும் என்றார். எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலம்தான், இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் மாறிவிடும் என்றேன். அப்படியா என்று யோசித்தார். யோசிக்கிற இடத்தில் பெண் கொடுக்கக் கூடாது.

மாப்பிள்ளை: நான் பெண் கேட்டு வந்தபோது யோசிக்கவில்லையா?

அத்தை: நீங்கள் யோசிக்கவில்லை. நாங்கள்தான் யோசித்தோம்.

மாப்பிள்ளை: சரி, எட்டாவது வாரம் தடுப்பூசி போட வேண்டும். அது வரைக்கும் எவருக்கும் கொடுக்கவேண்டாம். அப்புறம் அத்தை, நாளைக்குக் கொத்தனார் வருகிறார். காம்பவுண்டுச் சுவர் பூச்சை முடித்துவிடுவார்.

அத்தை: சிமென்ட் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கட்டும். மணலைத் தொடக் கூடாது.

மாப்பிள்ளை: மணல் இல்லாமல் எப்படிப் பூசுவார்?

அத்தை: பிள்ளைகள் மூன்று பேரும் அங்கேதான் போகிறார்கள். ஒரு வாரமாகிறது. நேற்று கோமதியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தானாகக் குழி தோண்டினாள், உட்கார்ந்தாள், எங்கேயோ தூரத்தைப் பார்த்தாள், எழுந்து மூடினாள், மோந்து பார்த்தாள், திருப்தி இல்லை, மறுபடி மூடினாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இனி பஞ்சும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளை: அதற்கு ஒரு தட்டு மணல் போதுமே அத்தை. ஒரு குவியல் முழுக்கவா?

அத்தை: ஆளுக்கு ஒரு இடம் பிடித்துவிட்டார்கள். கேட் பக்கம் செவலை. உச்சியில் கறுப்பன். கோமதி சுவர் ஓரமாக, மறைவாக. பெண்பிள்ளை இல்லையா.

மாப்பிள்ளை: (முகம் மாறுகிறது) அத்தை, முந்தாநாள் கொத்தனார் பையன் வந்து அதே மணலில் இரண்டு சட்டி அள்ளிக் குழைத்துத்தானே பூஜை அறை மேடை விரிசலைப் பூசிவிட்டுப் போனான்?

(அத்தை பூஜை அறையைப் பார்க்கிறார். மேடையில் விளக்கு எரிகிறது. கோமதி அம்மன் படத்துக்கு இன்று வைத்த பூ அப்படியே இருக்கிறது.)

அத்தை: எந்தப் பக்கத்தில் இருந்து அள்ளினான்?