வந்துவிட்டதாக எழுதப்பட்ட பை

சென்ற ஆடியில் எங்கள் வீட்டில் அப்பாவின் திதி வந்தது. படையலுக்கு வேண்டிய வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், கறுப்பு எள், பச்சரிசி, தயிர், தலைவாழை இலை என்று பதினேழு பொருள்களை முதல் நாள் மாலையே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் செயலியில் பதிந்து, மறுநாள் காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று நேரத்தையும் குறித்து, 1,846 ரூபாயை அப்போதே கட்டிவிட்டேன். உச்சிப்பொழுது தாண்டுவதற்குள் காக்கைக்குச் சோறு வைத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. காலை 8.41க்குக் கைபேசி ஒலித்தது. ‘உங்கள் பொருள்கள் டெலிவரி ஆகிவிட்டன’ என்று செய்தி. கதவைத் திறந்தேன். திதி நாளில் வாசலில் கோலம் போடுவதில்லை என்பதால், கழுவிவிட்ட சிமென்ட் தரை மட்டும் ஈரமாகக் கிடந்தது. பை எதுவும் இல்லை.

செய்தியோடு ஆதாரமாக ஒரு படமும் வந்திருந்தது. அதில் மூன்று பைகள் ஒரு கதவோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் நீல நிறச் செருப்பு அலமாரி, ‘சுஸ்வாகத’ என்று கன்னடத்தில் எழுதிய மிதியடி, ஒரு துளசித் தொட்டி. இவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. கொண்டுவந்தவரை அழைத்துக் கேட்கலாம் என்று பார்த்தால், டெலிவரி முடிந்ததாகப் பதிவான மறுகணமே அவரை அழைக்கும் வசதி செயலியிலிருந்து மறைந்துவிட்டது. முன்பு அழைத்த எண்ணிலேயே மீண்டும் அழைத்தபோது, அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லை என்று ஒரு குரல் மூன்று மொழிகளில் சொன்னது.

பிறகு சாட் பெட்டி. எந்தப் பொருள் வரவில்லை என்று அது கேட்டது. ‘எதுவுமே வரவில்லை’ என்று சொல்ல அதில் இடமில்லை. எனவே பதினேழு பொருள்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்தேன். அடுத்ததாக, ‘வராத பொருளின் படத்தைப் பதிவேற்றவும்’ என்றது. வராத எள்ளை எப்படிப் படம் எடுப்பது என்று சற்று நேரம் யோசித்துவிட்டு, வெறும் வாசலைப் படம் எடுத்து அனுப்பினேன். ‘படம் தெளிவாக இல்லை’ என்று பதில் வந்தது. இதை நான் நகைச்சுவைக்காகச் சேர்க்கவில்லை. திரையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா அதற்குள் மஞ்சள் பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். முனைக்கடையில் சேப்பங்கிழங்கைத் தவிர மற்றவை எல்லாம் கிடைத்தன. காக்கையும் கொஞ்சம் தாமதமாக, ஆனால் வந்தது.

இதைப் படிக்கிற பலருக்கும், குறிப்பாகப் பெங்களூரில் வசிப்பவர்களுக்கு, இதே போன்ற ஓர் அனுபவமாவது இருக்கும். ஆனால் தாமதத்தைப் பற்றி நான் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளப் போவதில்லை. இந்த ஊரில் ஒரு வண்டி குறித்த நேரத்தில் வந்து சேர்வதே ஆச்சரியம். பத்து நிமிடத்தில் கொண்டுவரும் நிறுவனங்கள் பக்கத்துத் தெருவிலேயே கிடங்கு வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்கு ஒருவரை அனுப்புகின்றன. மாதச் சாமான் கொண்டுவரும் சூப்பர் மார்க்கெட் வண்டியின் பிழைப்பு வேறு. ஒரே வண்டியில் பல வீட்டுப் பைகள் இருக்கும். முதல் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் காவலாளியின் நோட்டில் பெயர் எழுதி, சரக்கு லிஃப்டுக்குக் காத்திருந்து, மேலே போனால் வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பி வந்து, இப்படி இழந்த ஒவ்வொரு ஐந்து நிமிடமும் அடுத்தடுத்த வீடுகளின் தலையில்தான் விடியும். நடுவில் ஒரு மழை பெய்துவிட்டால் அன்றைய கணக்கு முழுவதும் போயிற்று.

முகவரிச் சிக்கல் அதைவிடப் பெரியது. மெயின், கிராஸ், ஸ்டேஜ், பிளாக் என்று எண்களால் கட்டிய ஊர் இது. எங்கள் பக்கத்தில் எச்.ஏ.எல். இரண்டாவது ஸ்டேஜ் உண்டு, மூன்றாவது ஸ்டேஜும் உண்டு. ஒன்றில் உள்ள கிராஸ் எண் இன்னொன்றிலும் வரும். ஸ்டேஜைக் கவனிக்காமல் கிராஸை மட்டும் பார்த்து வண்டியைத் திருப்பினால், எண் சரியாக இருக்கும், வீடு வேறாக இருக்கும். தபால்காரர் இந்த வித்தியாசத்தை வருடக்கணக்கில் நடந்தே கற்றுக்கொண்டார். வேலையில் சேர்ந்து மூன்று வாரமான ஒரு தம்பிக்கு வரைபடத்தில் குத்தியிருக்கும் புள்ளியைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை. அந்த நீல அலமாரி வீட்டுக்கு எங்கள் பை போனதும் அநேகமாக இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு சில பொருள்கள் மட்டும் விடுபட்டுப் போவதற்கும் காரணம் இருக்கிறது. செயலியில் நமக்குத் தெரியும் இருப்பு கணினியின் கணக்கு. அலமாரியில் இருப்பது வேறு. கடையிலிருந்தே எடுத்து அனுப்பும் இடங்களில், நாம் பதிந்த கடைசி உளுந்துப் பாக்கெட் அதற்குள் நேரில் வந்த ஒருவரின் தள்ளுவண்டியில் ஏறியிருக்கலாம். உடைந்ததும் ஒழுகியதும் கணக்கில் கழிக்கப்படாமலே கிடக்கலாம். இவையெல்லாம் நடக்கக்கூடிய பிழைகள். பழைய மளிகைக் கடைகளிலும் நடந்தவைதான். ‘பையன் கிளம்பிட்டான்மா’ என்று கடைக்காரர் தொலைபேசியில் சொல்லும்போது, பையன் பெரும்பாலும் அவருக்கு எதிரிலேயே நின்று பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பான். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு. பையன் வரவில்லை என்றால், வரவில்லை என்ற செய்தி அன்று அம்மாவின் வாயில் இருந்தது. அவர் சொன்னால் அதுதான் நடந்தது. கடைக்காரர் தன் நோட்டில் ‘கொடுத்தாயிற்று’ என்று எழுதியிருந்தாலும், அம்மா மறுநாள் கடை வாசலில் போய் நின்றால் அடித்து எழுதியாக வேண்டும். இன்றோ, என் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்பதை என் வாசலுக்கே வராத ஒருவருடைய கைபேசியில் உள்ள ஒரு பொத்தான் முடிவு செய்கிறது. அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டதும், அழைக்கும் எண் மறைகிறது, வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் மறைகிறது, சாட் பெட்டி என்னை வாடிக்கையாளராகப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சந்தேகத்துக்குரியவனாகப் பார்க்கத் தொடங்குகிறது. ஒரு பை தாமதமாக வருவதற்கும், வராத பையை வந்ததாக எழுதிக் கதவைச் சாத்துவதற்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரியது.

அந்தப் பொத்தான் ஏன் முன்கூட்டியே அழுத்தப்படுகிறது என்று வேறொரு நாள் எங்களுக்குத் தண்ணீர் கேன் கொண்டுவந்த தம்பியிடம் கேட்டேன். அவர் முன்பு இதே வேலையில் இருந்தவர், கிருஷ்ணகிரிப் பக்கம். ‘ஒன்பது மணி தாண்டுனா லேட்டுன்னு ஏறிடும்ணா. கேட்டுக்குள்ள போனா நெட்வொர்க் இருக்காது. அதான் வெளியவே அமுக்கிட்டுப் போவோம்’ என்றார். ஓடிபி முறை இருக்கும் இடங்களிலும் இதே கதைதான் என்பது நமக்கே தெரியும். ‘சார், வந்துட்டே இருக்கேன், ஓடிபி மட்டும் சொல்லுங்க’ என்று மூன்று சிக்னல் தள்ளி நின்று கேட்பார்கள், நாமும் பாவம் என்று சொல்லிவிடுவோம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்துக்கு வராததைத் தண்டிக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. வராததை வந்ததாகச் சொல்வதைக் கண்டுபிடிக்கும் கணக்கு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் வேறு எதைச் செய்வார்?

நாம் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோபத்தில் முதலில் கை போவது ஒற்றை நட்சத்திரத்துக்கு. அந்த நட்சத்திரம் நிறுவனத்தின் மேல் விழுவதில்லை, அந்தத் தம்பியின் பெயரில் விழுகிறது. அலமாரியில் உளுந்து இல்லாததற்கும், ஒரே வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றியதற்கும், வரைபடப் புள்ளி தவறியதற்கும் சேர்த்து அவரே மதிப்பெண் இழக்கிறார். எங்கள் புகார்களும் எங்கள் பைகளைப் போலவே தப்பான வீட்டில் இறக்கப்படுகின்றன. இப்படிப்பட்ட தொழிலாளர்களுக்கென்று கர்நாடகம் 2025இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், அவர்களுடைய நிலை எவ்வளவு பலவீனமானது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் கசப்பானது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், வந்த எண்ணெய் டின்னை வரவில்லை என்று புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெற்றதைச் சாமர்த்தியமாக எழுதியிருந்தார். கீழே பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். என் வெறும் வாசலின் படம் ‘தெளிவாக இல்லை’ என்று திரும்பி வந்ததற்கு அந்தப் பதினோரு பேரும் ஒரு காரணம்.

சரி, புகார் எங்கே போக வேண்டும்? மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020 ஜூலையிலிருந்தே நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி இணையத்தில் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து, அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குப் பின் தாமதமாக வந்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. வெள்ளம் போன்ற, யார் கையிலும் இல்லாத காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இத்தனையும் சாட் பெட்டியின் நான்கு பொத்தான்களில் ஒன்றில்கூட வராது. நான் தேடியபோது, அந்த அதிகாரியின் பெயர் செயலியின் அடிமட்டத்தில், நிபந்தனைகள் என்ற பக்கத்தின் உள்ளே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது. ஆனால் இருந்தது. அன்றிரவே ஆர்டர் எண், செய்தி வந்த நேரம், நீல அலமாரிப் படம், என் வெறும் வாசல் படம் ஆகிய நான்கையும் சேர்த்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

அங்கும் பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பதினேழு மொழிகளில் பேசலாம், தமிழும் கன்னடமும் அவற்றில் உண்டு. ஆங்கிலமும் இந்தியும் மட்டும் அறிந்த சாட் பெட்டியின் முன்னால் ஊமையாகிப் போகும் என் அம்மாவைப் போன்றவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். 1,846 ரூபாய்க்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், நிறுவனங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் முதல் படியான அந்த மின்னஞ்சலையாவது எல்லோரும் எழுத வேண்டும் என்கிறேன். நட்சத்திரத்துக்கு நாள் கெடு இல்லை, எழுத்துப் புகாருக்கு உண்டு.

நிறுவனங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்ற செய்திக்குக் கீழே ‘வரவில்லை’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்தினால் கொண்டுவந்தவரை அழைக்கும் வழி இன்னும் ஒரு மணி நேரம் திறந்திருக்கட்டும். அன்று காலை 8.45க்கு அந்தத் தம்பியிடம் நான் பேச முடிந்திருந்தால், அவர் ஸ்டேஜைத் தவறவிட்டதைச் சொல்லியிருப்பேன், அவரும் பத்து நிமிடத்தில் திரும்பி வந்திருப்பார், இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது.

என் புகாரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 48 மணி நேரம் கடந்து மூன்றாம் நாள் மாலை, கிடைத்தது என்று பதில் வந்தது. முதலில் பணத்தை அவர்களுடைய வாலட்டிலேயே வைப்பதாகவும், கூடவே ஏழு நாளில் காலாவதியாகும் நூறு ரூபாய்க் கூப்பன் தருவதாகவும் சொன்னார்கள். வங்கிக் கணக்கிலிருந்து போன பணம் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று எழுதினேன். பத்தொன்பதாம் நாள் 1,846 ரூபாய் முழுதாக வந்து சேர்ந்தது. வருத்தம் தெரிவித்து இரண்டு வரியும் வந்தது. இன்று காலை இதை எழுதுவதற்காகச் செயலியில் அந்தப் பழைய ஆர்டரைத் திறந்து பார்த்தேன். பச்சை நிற வட்டத்துக்குள் சரி என்ற குறி, அதன் கீழே நீல அலமாரி, ‘8.41க்கு டெலிவரி ஆகிவிட்டது’.