செம்மஞ்சள் வட்டம் போட்ட சோடா நீரிழிவுக்காரருக்குப் பாதுகாப்பானதா?

“சிவப்பு வட்டம் இருந்தால்தான் ஆபத்து, செம்மஞ்சள் என்றால் சீனி வருத்தக்காரரும் பயமில்லாமல் குடிக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பிழை. நம்பிக் குடிப்பவருக்குக் கெடுதல்.

இலங்கையில் மென்பானங்களுக்கு இந்த நிறக்குறி 2016 ஆகஸ்ட் 1 முதல் சட்டப்படி கட்டாயம். 100 மில்லிலீட்டரில் சீனி 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. செம்மஞ்சளின் அகலத்தைப் பாருங்கள்: 3 கிராம் உள்ளதற்கும் 10.9 கிராம் உள்ளதற்கும் ஒரே நிறம்தான்!

இன்னொன்று, நிறம் 100 மில்லிலீட்டருக்கு உரியது, போத்தலுக்கு அல்ல. லேபலில் 100 மில்லிலீட்டருக்கு 10 கிராம் என்றிருக்கும் 500 மில்லிலீட்டர் போத்தலை எடுங்கள். 10ஐ 5ஆல் பெருக்கினால் 50 கிராம், ஏறக்குறைய 12 தேக்கரண்டி சீனி. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே இந்த 50 கிராம்தான். நிறத்தைப் பார்த்ததோடு நிற்காமல் எண்ணையும் வாசியுங்கள், போத்தலில் எத்தனை 100 மில்லிலீட்டர் இருக்கிறதோ அதனால் பெருக்குங்கள்.

பச்சை என்றாலும் சீனி அறவே இல்லை என்று அர்த்தமில்லை.

ஒரு விதிவிலக்கு முக்கியம். இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கி, வியர்த்து நடுங்கும் நீரிழிவுக்காரருக்கு உடனே 15 கிராம் சீனி வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் மேலே சொன்ன அதே பானத்தில் 150 மில்லிலீட்டர் கொடுங்கள். அந்த நேரத்தில் பச்சைக் குறி ‘டயட்’ பானம் உதவாது.