21 அடி என்பது சட்டம் இல்லை

"கத்தியோடு ஒருவன் 21 அடிக்குள் வந்தாலே சுடலாம், சட்டம் அனுமதிக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இது அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கணக்கு. உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுட ஏறக்குறைய ஒன்றரை நொடி. அதற்குள் ஓடி வருபவன் 21 அடியைக் கடந்துவிடுவான். அது எச்சரிக்கை, சுடுவதற்கான அனுமதி அல்ல. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததா என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.

அப்புறம், துப்பாக்கியை உருவும்போது சட்டை மடிப்பில் விரல் சிக்கினால் அந்த ஒன்றரை நொடியும் போதாது. பக்கத்தில் குழந்தை நின்றால் துப்பாக்கியைத் தேடாதீர்கள், முதலில் குழந்தையை இழுத்துக்கொண்டு, அருகில் நிற்கும் காருக்குப் பின்னால் போங்கள். கத்தியோடு வருபவன் காரைச் சுற்றித்தான் வர வேண்டும்.