பாடகனின் காதலிக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

ராக் இசைக்குழுவோடு டூர் போகும் பெண்ணைப் பற்றிய காதல் நாவல்களை விரும்பிப் படிக்கிற ஆள் நான். ஒளித்து வைத்தெல்லாம் படிப்பதில்லை. அதனால் இது கேலிப் பதிவு அல்ல, உரிமையோடு போடுகிற சண்டை.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கை முழுக்கப் பச்சை குத்திய பாடகன், யாரிடமும் சொல்லாத ஒரு பழைய காயத்தோடு வருவான். ஏதோ ஒரு காரணத்தால் அவள் டூர் பஸ்ஸில் ஏறுவாள். முதல் ஊரில் சண்டை, நாலைந்து ஊர் தள்ளி முத்தம், முக்கால்வாசிப் புத்தகத்தில் பிரிவு, கடைசியில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் அவளுக்காக எழுதிய பாட்டு. முடிவு முன்பே தெரிகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். அது எனக்குக் குறையே இல்லை. இருவரும் சேர்வார்கள் என்பது இந்த வகை நாவல் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. எப்படிச் சேர்ந்தார்கள் என்று பார்க்கத்தான் அத்தனை பக்கமும் படிக்கிறோம்.

என் கேள்வி வேறு. அந்த பஸ்ஸில் அவளுக்கு என்ன வேலை? சம்பளம் யார் தருகிறார்கள்?

பெரும்பாலான நாவல்களில் முதல் அத்தியாயத்தில் ஒரு வேலை இருக்கும். பத்திரிகைக்காரி, புகைப்படக்காரி, டி-ஷர்ட் விற்பவள், மேனேஜரின் உதவியாளர். முத்தம் வந்ததும் அந்த வேலை காணாமல் போய்விடும். கேமரா பையிலேயே கிடக்கும். டி-ஷர்ட்டை அப்புறம் யார் விற்றார்கள் என்று ஆசிரியருக்கே தெரியாது.

டூர் என்பதோ வேலையால் ஆனது. மேடையில் பாடுவது ஒன்றரை, இரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் லாரியிலிருந்து ஸ்பீக்கரும் விளக்கும் இறக்குவது, ஒயர் இழுப்பது, சவுண்ட் செக், கூட்டத்தை உள்ளே விடுவது, நள்ளிரவில் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப ஏற்றுவது. ஆட்கள் தூங்கும்போதே பஸ் அடுத்த ஊருக்கு ஓடும். ஆளுக்கொரு அடுக்குப் படுக்கை, அதற்கு ஒரு திரை, அவ்வளவுதான் அந்தரங்கம். கால் வண்டியின் முன்பக்கம் இருக்கும்படி படுக்கச் சொல்வார்கள், திடீரென்று பிரேக் போட்டால் தலை மோதக்கூடாது என்பதற்காக. பஸ் கழிவறையில் சிறுநீர் மட்டும்தான் என்பதும் பரவலான விதி. (இந்த விதியைத் தாண்டியும் காதல் மலர்ந்தது என்று ஒருவர் எழுதிக் காட்டினால் அவரைக் கும்பிடுவேன்.)

இந்த விவரங்களை அலங்காரத்துக்காகக் கேட்கவில்லை. காதலின் உண்மையான சிக்கலே இங்கேதான் இருக்கிறது. இருவருக்கும் முறிந்துவிட்டது என்று வையுங்கள். பாடகனுக்கு ஒரு புதுப் பாட்டு கிடைக்கும். அவளுக்கோ வேலை, படுக்கை, கூடச் சாப்பிட்ட ஆட்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும். பஸ் அவனுடையது. அவளை இறக்கிவிடச் சொல்ல அவனால் முடியும், அவனை இறக்கிவிட அவளால் முடியாது. இந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்காத நாவலில் அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் எனக்கு நிம்மதி வருவதில்லை. அதனால்தான் பொறாமைக்கார ரசிகையை வில்லியாகக் கொண்டுவந்து நிறுத்தும்போது எரிச்சல் வருகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த பாவத்துக்கு அந்தப் பெண் ஏன் திட்டு வாங்க வேண்டும்?

அப்புறம் அந்தக் கடைசிப் பாட்டு. தன்னைப் பற்றி ஒரு பாட்டு வந்துவிட்டால் எல்லாம் மன்னிக்கப்பட்டது என்பது இந்த நாவல்களின் நம்பிக்கை. நிஜத்தில் 'லைலா' என்ற பாட்டு 1970இல் வந்தது. பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அதைப் பாட்டி பாய்ட் (Pattie Boyd) என்ற மாடலை மனதில் வைத்து எழுதினார். அப்போது பாய்ட், பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி. பிறகு 1979இல் கிளாப்டனும் அவரும் திருமணம் செய்துகொண்டார்கள், 1989இல் விவாகரத்தும் ஆனது. நடுவில் குடியும் துரோகமும். பாட்டு மட்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அது பாய்டை எந்த ராத்திரியில் காப்பாற்றியது?

இதற்கு மாறாக ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவைப் பாருங்கள். 1977இல் 'ரூமர்ஸ்' ஆல்பம் வந்த சமயத்தில் அந்தக் குழுவுக்குள் இரண்டு ஜோடிகள் பிரிந்திருந்தன. பாடகி ஸ்டீவி நிக்ஸைச் சாடி, அவரைப் பிரிந்த காதலரும் கிட்டார் கலைஞருமான லிண்ட்சி பக்கிங்ஹாம் பாட்டு எழுதினார், ஸ்டீவியும் பதிலுக்குத் தன் பாட்டை எழுதினார். குழுவின் இன்னொரு பாடகி கிறிஸ்டின் மெக்வீ இன்னும் ஒரு படி மேலே போனார். விளக்கு இயக்குநரோடு தனக்கு ஏற்பட்ட புதுக் காதலைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார், அதற்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் பிரிந்துபோன கணவர் ஜான் மெக்வீ. அது நாயைப் பற்றிய பாட்டு என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாராம்! ஒருவரையொருவர் காயப்படுத்தினார்கள்தான், ஆனால் அந்தப் பெண்கள் கையிலும் மைக் இருந்தது, பாட்டுக்கான பணமும் அவர்கள் பெயருக்கு வந்தது. நான் நாவலில் தேடுவது இந்தச் சமநிலையைத்தான்.

கிம் கார்டன் கதை இன்னும் கனமானது. சோனிக் யூத் என்ற ராக் குழுவில் அவரும் கணவர் தர்ஸ்டன் மூரும் முப்பது வருடம் சேர்ந்து வாசித்தார்கள். பிரிகிறோம் என்று 2011 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. ஒப்புக்கொண்ட தென் அமெரிக்க டூர் பாக்கி இருந்தது. போனார்கள். நவம்பரில் பிரேசிலில் கடைசி நிகழ்ச்சி, இருவரும் ஒரே மேடையில். அந்த மனநிலையில் ஒரு பெண் தினமும் சவுண்ட் செக்குக்குப் போய் நிற்கிறாள் என்றால், அதில் ஒரு முழு நாவலுக்கான விஷயம் இருக்கிறது. மகிழ்ச்சியான முடிவும் சாத்தியம்தான், அவள் சேர வேண்டியது அதே ஆளோடு என்று யார் சொன்னது?

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அவளை சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் நிறுத்துங்கள். முத்தத்துக்கு மறுநாளும் அவன் குரலின் அளவை ஏற்றி இறக்குவது அவள் விரலாக இருக்கட்டும். சண்டை வந்தால் இன்னொரு குழுவில் வேலை கேட்க அவளுக்கு இரண்டு ஃபோன் நம்பராவது இருக்கட்டும். போகலாம் என்ற வழி இருந்தும் அவள் தங்கினால் அந்தக் காதலை நான் நம்புவேன்.

அப்படி ஒரு நாவல் ஏற்கெனவே இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். கதாநாயகன் பாடகனாக இல்லாமல் டிரம்மராக இருந்தால் ரொம்பவே சந்தோஷம். அவர்களைத்தான் யாரும் கவனிப்பதே இல்லை.