ஏறினீர்கள் சரி, இறக்கிவிட்டது யார்?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன் சாமி. "பாதையே இல்லாத பாதையில்" மூணாறு பக்கம் மீசைப்புலிமலை ஏறிய நாலு வீரர்கள், பின்னணியில் முழங்குகிற மியூசிக் வேறு. இறங்கும்போது வழி தவறிய அவர்களை விடியவிடியத் தேடிப்போய்க் கூட்டிவந்த எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் அதில் ஒரு நொடிகூட இல்லை.

பாதையை விட்டு ஏறுவதில் ஒரு வீரமும் இல்லை. 2640 மீட்டர் உச்சி, எங்கிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும், மேட்டைப் பார்த்து நடந்தால் போய்விடலாம். இறங்கும்போதுதான் மலை தன் வேலையைக் காட்டும். மஞ்சு, அதான் மூடுபனி, இறங்கிவிட்டால் முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. ஓடையைப் பிடித்துப் போனால் ஊர் வந்துவிடும் என்று எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். இங்கே ஓடை முதலில் பாறை விளிம்புக்குத்தான் கூட்டிப்போகும். நாலு பேரும் நின்றது அங்கேதான்.

எங்கள் மாமா தேனி மாவட்டம் குரங்கணியிலிருந்து மேலே கொழுக்குமலை தேயிலை எஸ்டேட்டுக்குச் சுமை தூக்கி ஏறியவர். பாதை பிரிகிற இடத்தில் குனிந்து திரும்பி வர அடையாளத்துக்கு ரெண்டு கொத்துப் புல்லை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். தினம் போகிற வழிதானே மாமா என்றால், "தினம் போறவனுக்குத்தான்டா பயம் இருக்கணும்" என்பார். மஞ்சு வந்தால் உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

"அப்போ யாருமே மலை ஏறக்கூடாதா, மலை என்ன உங்க அப்பன் சொத்தா?" என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏறுங்கள், யார் தடுத்தது? மூணாறு பக்கமிருந்து கேரள வனவளர்ச்சிக் கழகத்தில் பணம் கட்டி, வழிகாட்டியோடு போகலாம். இதே மலைக்குத்தான். ஆனால் அதில் லைக் வராது. ஜிபிஎஸ் இருந்ததாம். இருந்துமா பாறை விளிம்பில் நின்றீர்கள்? இமயமலையில் எல்லாம் இப்படித்தான் ஏறுகிறார்களாம், அதுக்கு நான் என்ன செய்ய.

2018 மார்ச் 11 மறந்துவிட்டதா? குரங்கணியில் காய்ந்த புல்லில் பிடித்த தீயில் மலையேற வந்த 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றைக்கும் அனுமதி இல்லாத பாதைதான். முதலில் ஓடியதும் எங்கள் ஆட்கள்தான், போர்வையில் கட்டித் தூக்கிவந்தார்கள். கேரளத்து மலம்புழாவில் 2022-இல் குறும்பாச்சி மலை இடுக்கில் ஒரு பையன் மாட்டியபோது ராணுவம் வந்து மீட்டது, நாடே பார்த்தது. எங்கள் ஆட்கள் போனால் "லோக்கல்ஸ் ஹெல்ப் பண்ணாங்க", அதுவும் இந்த முறை இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கிழவி நாலு சுள்ளி பொறுக்க உள்ளே போனால் வனத்துறைக்காரர்கள் ஆயிரம் கேள்வி கேட்டு, அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். இவர்கள் புதரை வெட்டி வழி போட்டுக்கொண்டு போனால் அதற்குப் பெயர் சாகசம்.

"உள்ளூர்க்காரனுக்குப் பொறாமை" என்று எழுதிய தம்பி, அன்றைக்கு டார்ச்சோடு முன்னால் போன அண்ணன் சறுக்கி விழுந்து முழங்கால் வீங்கி, இந்த வாரம் முழுக்க ஏலக்காய் எடுக்கப் போகவில்லை. அந்தக் கூலியை யார் கொடுப்பது, நீங்களா, உங்கள் சேனலா?